ஒரு போத்தல் பானத்துக்கு எவ்வளவு தண்ணீர்? உணவுத் தொழிற்சாலைகளின் நீர்க்கணக்கு: ஓர் எளிய விளக்கம்

யாழ்ப்பாணத்தில் ஓர் ஊரில் பழரசத் தொழிற்சாலையோ சோடாக் கம்பனியோ வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தால், கூடவே இரண்டு கணக்குகளும் ஊருக்குள் உலாவத் தொடங்கிவிடும். எதிர்ப்பவர், ஒரு போத்தல் பானத்துக்கு இருநூறு லீற்றர் தண்ணீர் போகும், எங்கள் கிணறுகள் வற்றிவிடும் என்பார். தொடங்க விரும்புபவர், போத்தலுக்குள் போகும் தண்ணீர்தானே செலவு, அதற்கு மேல் என்ன இருக்கிறது என்பார். முதலாமவர் சொல்லும் எண்ணுக்கு ஆதாரம் உண்டு, ஆனால் அது அந்தத் தொழிற்சாலையின் கிணற்றைப் பற்றிய எண் அல்ல. இரண்டாமவர் சொல்லும் எண் உலகத்தில் எந்தத் தொழிற்சாலைக்கும் பொருந்தாது. இப்படிப் பொருந்தாத இரண்டு எண்களை வைத்துக்கொண்டு நடக்கும் வாதத்தில், உண்மையிலேயே குறைக்கக்கூடிய தண்ணீர் எது என்ற கேள்வி எழுவதே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை காண, உணவுத் தொழிற்சாலைக்குள் தண்ணீர் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இருநூறு லீற்றர் எங்கிருந்து வந்தது?

ஒரு பொருளை விளைவிப்பது முதல் விற்பது வரை, எங்கெங்கோ செலவான தண்ணீர் அனைத்தையும் கூட்டி வரும் தொகைக்கு நீர்த்தடம் என்று பெயர். நெதர்லாந்து அறிஞர் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா 2002ஆம் ஆண்டில் இந்தக் கருத்தை முன்வைத்தார். அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் பின்னர் அரை லீற்றர் இனிப்புப் பானம் ஒன்றை எடுத்துக் கணக்கிட்டபோது, சீனி எந்த நாட்டில் எந்தப் பயிரிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அதன் நீர்த்தடம் ஏறத்தாழ 150 லீற்றர் முதல் 300 லீற்றர் வரை அமைந்தது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் பானத்தின் மூலப்பொருள்களிலும் போத்தல் முதலிய பொருள்களிலும் அடங்கியிருந்தது. பெரும்பங்கு வயலில் பெய்த மழையாகவும் பாய்ச்சிய நீராகவும் செலவாகியிருந்தது. இலங்கை தனக்குத் தேவையான சீனியில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. ஆகவே நம் ஊரில் அடைக்கப்படும் சோடாவின் இருநூறு லீற்றரில் மிகப்பெரும் பங்கு வேறொரு நாட்டின் கரும்புத் தோட்டத்தில் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அது கவலைக்குரிய விடயந்தான். ஆனால் சுன்னாகத்துக் கிணற்றின் நீர்மட்டத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை.

தொழிற்சாலையின் வாசலுக்குள் வரும் தண்ணீரை மட்டும் அளப்பதற்கு வேறோர் அளவுகோல் உண்டு. ஒரு மாதத்தில் தொழிற்சாலை எடுத்த மொத்தத் தண்ணீரை, அதே மாதத்தில் உற்பத்தியான பானத்தின் அளவால் வகுத்தால் வருவது நீர்ப் பயன்பாட்டு விகிதம். கொக்கா கோலா நிறுவனம் வெளியிட்ட தரவுகளின்படி, அதன் ஆலைகளில் ஒரு லீற்றர் பானத்துக்கு 2004ஆம் ஆண்டில் 2.7 லீற்றர் தண்ணீர் எடுக்கப்பட்டது. 2020இல் அது 1.84 லீற்றராக இறங்கியது. பியர் ஆலைகளில் நான்கைந்து லீற்றர் நெடுங்காலம் வழக்கமான அளவாக இருந்தது, இன்று நன்றாக நடத்தப்படும் ஆலைகள் மூன்றுக்கும் கீழே வந்துவிட்டன. சிறிய தொழிற்சாலைகளில் இந்த விகிதம் பொதுவாக உயர்ந்தே இருக்கும். இருநூறு லீற்றர் ரசம் காய்ச்சினாலும் ஆயிரம் லீற்றர் காய்ச்சினாலும் அந்தத் தாங்கியைக் கழுவ ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர்தான் தேவைப்படுகிறது என்பதே அதற்குக் காரணம்.

ஆக, இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நீர்த்தடம் உலகெங்கும் செலவான நீரைச் சொல்கிறது, நீர்ப் பயன்பாட்டு விகிதம் தொழிற்சாலையின் குழாய் வழியே வந்த நீரைச் சொல்கிறது. இக்கட்டுரை இனிப் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி மட்டுமே.

அடுப்படியில் தண்ணீர் செய்யும் மூன்று வேலைகள்

ஒரு நேரச் சமையலுக்கு எடுக்கும் தண்ணீரை நினைத்துப் பார்ப்போம். உலையில் ஊற்றும் தண்ணீரில் ஒரு பங்கு சோற்றுக்குள் போய் உணவாகிறது. அரிசி களையவும் பானை சட்டி கழுவவும் எடுக்கும் தண்ணீர் உணவுக்குள் போவதில்லை, அழுக்கைச் சுமந்துகொண்டு வாய்க்காலுக்குப் போகிறது. புட்டுப்பானையில் கொதிக்கும் தண்ணீர் இந்த இரண்டையும் செய்வதில்லை. அடுப்பின் வெப்பத்தை ஆவியாகச் சுமந்துபோய்ப் புட்டை அவிக்கிறது.

பழரசத் தொழிற்சாலையிலும் பாற்சாலையிலும் இதே மூன்று வேலைகள்தான் நடக்கின்றன. தண்ணீர் மூலப்பொருளாகிறது, கழுவுகிறது, வெப்பத்தைக் கொண்டுபோகிறது அல்லது கொண்டுவருகிறது. சோடாக் கம்பனியில் முதல் வேலை பெரிது. பால் பதனிடும் இடத்திலும் மீன், இறால் சுத்திகரிக்கும் இடத்திலும் தண்ணீரின் பெரும்பகுதி கழுவலுக்குப் போகிறது. வடிசாலையில் மூன்றாவது வேலை மற்ற இரண்டையும் விஞ்சிவிடும்.

பொருளுக்குள் போகும் தண்ணீரைக் குறைக்க முடியாது, குறைத்தால் அது கலப்படத்துக்கு நேரெதிரான வேறொரு பிரச்சினையாகிவிடும். குறைப்புக்கு இடமுள்ளவை கழுவலும் வெப்பமுந்தான். இந்த இரண்டிலும் தண்ணீர் ஒரு சுமைகாரன், சுமை இறங்கியவுடன் அதன் வேலை முடிகிறது. அதே சுமையை இன்னும் குறைந்த தண்ணீரால் தூக்க முடியுமா, ஒரு வேலை முடித்த தண்ணீருக்கு அடுத்த வேலை கொடுக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளிலேயே இந்தத் துறையின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

கழுவலின் கணக்கு

அரிசி களையும்போது யாரும் ஒரே தடவையில் ஒரு பெரிய அண்டா நிறையத் தண்ணீர் விட்டுக் களைவதில்லை. கொஞ்சம் விட்டு, பிசைந்து, வடித்து, மறுபடியும் கொஞ்சம் விடுகிறோம். இந்தப் பழக்கத்துக்குள் நல்ல கணிதம் ஒன்று இருக்கிறது.

நெல்லி ரசம் காய்ச்சிய தாங்கி ஒன்றைக் காரக் கரைசலால் கழுவி வடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். வடித்த பின்னும் சுவரிலும் அடியிலும் ஒரு லீற்றர் கரைசல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் செறிவை நூறில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். ஒரே தடவையில் அலசுவதானால் 99 லீற்றர் தண்ணீர் விட்டாக வேண்டும். ஒன்பது லீற்றர் விட்டு நன்றாகச் சுழற்றி வடித்தால், மிஞ்சி ஒட்டியிருக்கும் ஒரு லீற்றரின் செறிவு பத்தில் ஒன்றாகிவிடும். இன்னுமொரு ஒன்பது லீற்றர் விட்டு வடித்தால் நூறில் ஒன்றாகிவிடும். 99 லீற்றர் செய்த வேலையை 18 லீற்றர் செய்து முடித்துவிட்டது. மூன்று தடவையாகப் பிரித்தால் மொத்தம் 11 லீற்றர் போதும். அதற்கு மேல் பிரிப்பதில் இலாபம் குறைவு, வேலையாளின் நேரம் வீணாகும்.

கழுநீருக்கும் அடுத்த வேலை உண்டு என்பது நம் அடுப்படிகளுக்குப் புதிதல்ல. முதற் கழுநீர் மாட்டுக்குப் போகும், பின்னதில் புளி கரைப்பார்கள். தொழிற்சாலையில் இதையே தலைகீழ் வரிசையில் செய்கிறார்கள். இரண்டாம் அலசலில் வடிந்த நீர் ஏறத்தாழத் தெளிவாகவே இருக்கிறது, அதைத் தேக்கி வைத்து, அடுத்த தாங்கியின் முதல் அலசலுக்குப் பயன்படுத்தலாம். புதிய தண்ணீர் எப்போதும் கடைசி அலசலில் மட்டுமே நுழைகிறது. சுத்தமான தண்ணீர் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்தை நோக்கிப் பின்னோக்கி நகர்வதால் இதற்கு எதிரோட்ட அலசல் என்று பெயர். மேற்சொன்ன உதாரணத்தில் கிணற்றிலிருந்து எடுக்கவேண்டிய நீர் ஒரு தாங்கிக்கு 9 லீற்றராக இறங்கிவிடும், முடிவில் கிடைக்கும் சுத்தமோ மயிரிழை அளவே குறையும்.

நடுத்தரத் தொழிற்சாலைகளில் தாங்கிகளையும் குழாய்களையும் கழற்றாமல் இருந்த இடத்திலேயே கழுவும் முறை இருக்கிறது, தொழிலில் இதைச் சி.ஐ.பி. என்பார்கள். முதலில் வெறும் தண்ணீர், பிறகு சூடான சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல், மறுபடியும் தண்ணீர், தேவையானால் அமிலம், இறுதியாகத் தண்ணீர் என்று அது போகும். இதில் வீணாகும் தண்ணீரின் பெரும்பகுதி, அலசல் எப்போது முடிந்தது என்று தெரியாததால் வீணாவது. “பத்து நிமிடம் ஓடவிடு” என்று யாரோ என்றோ சொன்னதை எல்லாரும் பின்பற்றுகிறார்கள். காரமும் அமிலமும் கரைந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், நல்ல தண்ணீர் அவ்வளவாகக் கடத்தாது. ஆகவே வெளியேறும் குழாயில் கடத்துதிறன் மானி ஒன்றைப் பொருத்திவிட்டால், வெளியே வரும் நீரின் அளவீடு உள்ளே போகும் நீரின் அளவீட்டோடு ஒத்துப்போகும் கணத்தில் அலசலை நிறுத்திவிடலாம். பெரும்பாலும் அந்தக் கணம் பத்து நிமிடத்துக்கு வெகு முன்னரே வந்துவிடுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டிய ஒன்று, பணச்செலவே இல்லாதது என்பதாலோ என்னவோ, அதிகம் கவனிக்கப்படுவதில்லை. தரையில் சிந்திய பழச்சக்கையையும் தாங்கியின் அடியில் தேங்கிய கூழையும் இரப்பர் வழிப்பானால் வழித்து அள்ளிய பின்னரே தண்ணீரைத் தொட வேண்டும். சக்கையை ஓஸ் பைப்பால் அடித்து வாய்க்கால்வரை துரத்துவது, விளக்குமாறு செய்யவேண்டிய வேலையைத் தண்ணீரைக் கொண்டு செய்விப்பதாகும். ஓஸ் பைப்பின் நுனியில் கைவிட்டால் தானே மூடிக்கொள்ளும் துப்பாக்கி வடிவப் பிடி இல்லாவிட்டால், வேலையாள் வேறு வேலைக்குப் போகும்போதெல்லாம் தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டேயிருக்கும். பத்து லீற்றர் வாளி அரை நிமிடத்தில் நிரம்பும் பைப் பத்து நிமிடம் தரையில் கிடந்தால் போவது 200 லீற்றர்.

உற்பத்தி வரிசையும் கழுவலைக் கூட்டும் அல்லது குறைக்கும். காலையில் திராட்சை ரசம், பிறகு நெல்லி ரசம், பிறகு மறுபடியும் திராட்சை என்று மாற்றி மாற்றி ஓட்டினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழுக் கழுவல் தேவை. வெளிர்நிறத்திலிருந்து கடுநிறத்துக்கு என்ற ஒழுங்கில், ஒரு பொருளை முழுநாளும் ஓட்டிவிட்டு மாறினால் கழுவல்களின் எண்ணிக்கையே குறைந்துவிடும். இதற்குத் தேவைப்படுவது ஒரு கரும்பலகையும் கொஞ்சம் பிடிவாதமுந்தான்.

தண்ணீரைக் குறைத்தால் சுத்தம் கெடாதா என்ற பயம் நியாயமானது. துப்புரவைத் தீர்மானிப்பவை நான்கு: கழுவும் மருந்தின் வீரியம், வெப்பநிலை, தேய்ப்பின் விசை, எடுத்துக்கொள்ளும் நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடுசெய்யலாம். தண்ணீரின் அளவு இந்த நான்கில் இல்லை, அது இந்த நான்கையும் அழுக்கிடம் கொண்டுசேர்க்கும் ஊடகம் மட்டுமே. ஆனால் ஓர் எல்லைக்கோடு உண்டு. உணவில் படும் தண்ணீரும், உணவு படும் பரப்பை இறுதியாக அலசும் தண்ணீரும் குடிநீர்த் தரத்தில் இருந்தாக வேண்டும். இலங்கையில் அந்தத் தரம் எஸ்.எல்.எஸ். 614. மறுபயன்பாடு முழுவதும் அந்தக் கடைசி அலசலுக்கு முந்திய படிகளிலேயே நடைபெற வேண்டும்.

இந்தப் பகுதியைச் சுருக்கிச் சொன்னால்: முதலில் வழித்து அள்ளுதல், பிறகு சிறுசிறு அளவாகப் பலமுறை அலசுதல், கடைசி நீரை அடுத்த முதலுக்கு வைத்தல், முடிந்ததை மணிக்கூட்டால் அல்லாமல் மானியால் அறிதல்.

வெப்பத்தைச் சுமக்கும் தண்ணீர்

கழுவும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், சத்தமும் போடும். குளிர்விக்கும் தண்ணீர் குழாய்க்குள் அமைதியாக ஓடிப் பின்பக்கத்தால் வெளியேறிவிடுவதால் பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

காய்ச்சிய ரசம் 85 பாகை செல்சியசில் இருக்கிறது, அதை 35 பாகைக்கு இறக்க வேண்டும். தாங்கியின் வெளிச்சுவரைச் சுற்றிக் கிணற்றுத் தண்ணீரை ஓடவிட்டு, அது 15 பாகை சூடாகி வெளியேறுகிறது என்று கொண்டால், ஒவ்வொரு லீற்றர் ரசத்துக்கும் ஏறக்குறைய மூன்றே கால் லீற்றர் தண்ணீர் தேவைப்படும். போத்தலுக்குள் போகும் அளவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல், ஒரு சொட்டு அழுக்குக்கூடப் படாமல், சூடாகி மட்டும் வெளியே போகிறது. இது ஒருவழிக் குளிர்விப்பு. பல சிறிய இடங்களில் இந்தத் தண்ணீர் ஒரு பக்கம் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்க, மறுபக்கம் போத்தல் கழுவுவதற்காகக் கிணற்றிலிருந்து குளிர்ந்த தண்ணீரை இறைத்து, விறகோ மின்சாரமோ செலவழித்துச் சூடாக்குகிறார்கள். இரண்டு குழாய்களையும் ஒரு தேக்கத் தாங்கியில் சேர்த்துவிட்டால் தண்ணீரும் மிஞ்சும், எரிபொருளும் மிஞ்சும்.

வேறொரு வழி, அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, சூடானதைக் காற்றில் தூவிக் குளிரவைப்பது. தூவும்போது ஒரு சிறு பங்கு ஆவியாகிறது, ஆவியாகும் ஒவ்வொரு கிலோகிராமும் ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் நீராவியாக மாறும்போது வெப்பநிலை உயராமலே விழுங்கும் இந்த வெப்பத்துக்கு மறைவெப்பம் என்று பெயர். மேற்கண்ட அதே ரசத்தைக் குளிர்விக்க இம்முறையில் ஆவியாக வேண்டியது லீற்றருக்கு நூறு மில்லிலீற்றருக்கும் குறைவு. மூன்றே கால் லீற்றர் எங்கே, நூறு மில்லிலீற்றர் எங்கே! சூடான நீரைத் தூவிக் குளிரவைக்கும் இந்த அமைப்பே குளிர்விப்புக் கோபுரம். சிறிய அளவில் அது ஒரு விசிறி பொருத்திய பெட்டியாகவே இருக்கும்.

இங்கேதான் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் குறுக்கே வருகிறது. தண்ணீர் ஆவியாகும்போது அதிலிருந்த உப்பும் சுண்ணமும் ஆவியாவதில்லை, எஞ்சிய நீரில் செறிந்துகொண்டே போகின்றன. ஓர் அளவுக்கு மேல் அவை குழாய்ச் சுவரில் கல்லாகப் படியும். நம் வீடுகளில் கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிவது அதே கல்சியம் காபனேற்றுத்தான். படியாமலிருக்கச் செறிந்த நீரில் ஒரு பங்கை அவ்வப்போது திறந்துவிட்டுப் புதிய நீரைச் சேர்க்க வேண்டும், இதைக் கழித்துவிடுதல் என்போம். நூறு லீற்றர் ஆவியாகும் ஓர் அமைப்பில், உப்பு இருமடங்காகச் செறிவதற்குள் கழித்துவிட வேண்டியிருந்தால், சேர்க்கவேண்டிய புதிய நீர் 200 லீற்றர். ஐந்து மடங்கு செறியும்வரை பொறுக்கலாம் என்றால் 125 லீற்றர் போதும். சுண்ணம் கூடிய, அதாவது கடினமான, கிணற்றுத் தண்ணீரால் அவ்வளவு பொறுக்க முடியாது, மழைத்தண்ணீரால் முடியும். ஆகவே தொழிற்சாலைக் கூரையில் விழும் மழையைச் சேர்த்தால், அதை முதலில் கொடுக்கவேண்டிய இடம் குளிர்விப்புக் கோபுரமும் கொதிகலனுந்தான் என்பது என் கருத்து. அங்கே ஒரு லீற்றர் மழைநீர் ஒரு லீற்றருக்கும் அதிகமான கிணற்று நீரை மிச்சப்படுத்துகிறது, குடிநீர்த் தரமும் அங்கே தேவையில்லை. நூறு சதுர மீற்றர் கூரையில் 1,000 மில்லிமீற்றர் மழை விழுந்தால் கணக்குப்படி ஓர் இலட்சம் லீற்றர். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழை அதற்கு மேல்தான், ஆனால் அதன் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுவதால் தாங்கியின் கொள்ளளவே எல்லையாக நிற்கும்.

கொதிகலன் பற்றி ஒன்று மட்டும். ஆவி தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து திரும்ப நீராகும்போது, அது ஏறத்தாழக் காய்ச்சி வடித்த தண்ணீர், சூடாகவும் இருக்கிறது. அதைக் கொதிகலனுக்கே திருப்பி அனுப்பும் குழாய் பழுதடைந்து, நல்ல சுடுதண்ணீர் மண்ணில் சொட்டிக்கொண்டிருக்கும் தொழிற்சாலையில், வேறெந்தத் திட்டத்துக்கும் முன்னர் அந்தக் குழாயைத்தான் திருத்த வேண்டும்.

ஆர்.ஓ. இயந்திரத்தின் மறுபக்கம்

கிணற்றுத் தண்ணீர் உவராகவோ கடினமாகவோ இருப்பதால் வடக்கில் போத்தல் தண்ணீர் அடைப்பவர்களும் பானம் செய்பவர்களும் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கிறார்கள். மிக நுண்ணிய துளைகளைக் கொண்ட சவ்வு ஒன்றின் வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளி, உப்பைப் பின்னால் நிறுத்திவைக்கும் முறை அது. உப்பைச் சுமந்தபடி வெளியேறும் ஒதுக்குநீர் ஒன்று இதில் கட்டாயம் உண்டு. உள்ளே போவதில் பாதி நல்ல நீராக வந்தால், ஒதுக்குநீரில் உப்பு இருமடங்கு. முக்கால் பங்கு வந்தால் நான்கு மடங்கு. குளிர்விப்புக் கோபுரத்தில் பார்த்த அதே கணக்குத்தான் இங்கும் வேலை செய்கிறது, எல்லையும் அதேபோல் சுண்ணப் படிவுதான்.

இயந்திரம் விற்பவர் நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் நல்ல தண்ணீர் வரும் என்று சொல்வார். எத்தனை லீற்றர் ஒதுக்கப்படும் என்று நாம்தான் கேட்க வேண்டும். ஒதுக்குநீர் அழுக்கானதன்று, உப்புக் கூடியது, அவ்வளவே. தரை கழுவவும் கழிப்பறைக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தோட்டத்துக்குப் பாய்ச்சுவது மட்டும் யோசித்துச் செய்யவேண்டிய காரியம், ஏனென்றால் மண்ணில் உப்பு ஏறினால் இறங்குவது கடினம்.

பாலுக்குள் ஒரு கிணறு

பசும்பாலில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீர். பால்மா செய்யும்போது அதை ஆவியாக்கி வெளியேற்றுகிறார்கள். மெக்சிக்கோவின் லாகோஸ் டி மொரேனோ நகரிலுள்ள நெஸ்லே பால்மா ஆலை, 2014ஆம் ஆண்டில் அந்த ஆவியைக் குளிர்வித்துச் சேர்த்துச் சுத்திகரித்துத் தன் துப்புரவு வேலைகளுக்குப் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்து, நிலத்தடி நீர் எடுப்பதைத் தவிர்க்க முற்பட்டது. மூலப்பொருளே தண்ணீரைக் கொண்டுவரும் தொழில்களுக்கு மட்டும் பொருந்தும் வழி இது. நம் ஊர்ச் சிறு பாற்சாலைகள் யோகட்டும் ஐஸ்கிரீமும் செய்பவை, பாலின் தண்ணீரை அவை வெளியேற்றுவதில்லை என்பதால் இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

கிணறு வற்றவில்லையே, பிறகென்ன?

இனி மண்ணுக்குள் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். நாம் குடிப்பதும் இறைப்பதும் சுண்ணக்கல் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கியிருக்கும் மழைநீர். அந்த நன்னீர், அடியிலிருக்கும் கடல்நீரின் மேல், நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் மிதக்கிறது. இதை நன்னீர் வில்லை என்பார்கள். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது இந்த அமைப்பின் வெளிப்படையான சாட்சி.

கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனமானது. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழம்வரை அது கடல்நீரைத் தள்ளிவைத்திருக்கும். இதன் மறுபக்கந்தான் அச்சத்துக்குரியது. நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் நாற்பது சாண் ஏறிவர இடமுண்டு. ஒரே இடத்தில் வலிய மோட்டரால் வேகமாக இறைக்கும்போது, அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக எழும்பும். கிணற்றில் தண்ணீர் குறையாமலே தண்ணீர் கெட்டுப்போவது இப்படித்தான். கிணறு வற்றவில்லையே என்ற சமாதானம் குடாநாட்டில் செல்லாது, இங்கே பார்க்கவேண்டியது சுவையையும் கடத்துதிறனையும்.

ஆகவே இங்குள்ள தொழிற்சாலைக்கு எவ்வளவு எடுக்கிறோம் என்பதோடு எவ்வளவு வேகமாக எடுக்கிறோம் என்பதும் முக்கியம். நாளுக்குப் பத்தாயிரம் லீற்றர் தேவையென்றால், அதை இரண்டு மணி நேரத்தில் இறைப்பதைவிடச் சிறிய மோட்டரால் பத்து மணி நேரம் இறைத்துத் தாங்கியில் சேர்ப்பது வில்லைக்கு இதமானது.

இன்னொரு வாதமும் அடிக்கடி கேட்கிறது: கழுவிய தண்ணீர் திரும்பவும் மண்ணுக்குள்ளேதானே போகிறது, பிறகு ஏன் மிச்சம்பிடிக்க வேண்டும் என்பது. அதில் பாதி உண்மை இருக்கிறது. நிலத்திலிருந்து இறைத்த மொத்தம் எடுப்பு. அதில் ஆவியாகவோ பொருளுக்குள் அடைபட்டோ அவ்விடத்துக்குத் திரும்பாமல் போவது நுகர்வு. ஒருவழிக் குளிர்விப்பில் எடுப்பு அதிகம், நுகர்வு குறைவு. குளிர்விப்புக் கோபுரத்தில் எடுப்பு குறைவு, ஆனால் ஆவியான அத்தனையும் நுகர்வு. ஆனால் திரும்பிப் போகும் நீர் போனபடியே திரும்புவதில்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகள் மணலைப்போல வடிகட்டுவதில்லை, ஊற்றியது விரைவிலேயே அயலவர் கிணற்றைச் சென்றடையும். உரத்தாலும் மலகூடக் குழிகளாலும் நைத்திரேற்றுக் கூடிய கிணறுகள் ஏற்கெனவே உள்ள ஒரு நிலத்தில், கழுவிய தண்ணீரை மீள்நிரப்பு என்று அழைப்பது துணிச்சலான பேச்சு.

தாளையடியில் 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை உற்பத்தி செய்யும் கொள்ளளவுடையது. குழாய்நீர் வரும் இடங்களில் இது கிணறுகளின் சுமையைக் குறைக்கும். எனினும் கடல்நீரைச் சவ்வின் வழியே தள்ளுவதற்கு மின்சாரம் கணிசமாகத் தேவைப்படுகிறது என்பதால், அந்தத் தண்ணீரைத் தரையில் ஓடவிடுவது மின்சாரத்தை ஓடவிடுவதற்குச் சமம்.

குறைந்த தண்ணீர், செறிந்த கழிவு

தண்ணீரைக் குறைத்த தொழிற்சாலைக்கு எதிர்பாராத ஒரு சிக்கல் வரும். பழச்சக்கை, சீனி, பால் போன்றவை கலந்த கழிவுநீரின் தன்மையை, அதை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது எவ்வளவு ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும் என்பதை வைத்து அளக்கிறார்கள். இதற்கு உயிர்வேதி ஒட்சிசன் தேவை என்று பெயர். வீட்டுக் கழிவுநீரில் இது லீற்றருக்குச் சில நூறு மில்லிகிராம். பாலிலிருந்து வடியும் மோர்நீரில் முப்பதாயிரத்தைத் தாண்டும். இலங்கையில் உள்ளூர் நீர்நிலைகளில் விடும் தொழிற்சாலைக் கழிவுநீருக்கான பொது எல்லை லீற்றருக்கு 30 மில்லிகிராம்.

ஒரு நாளில் பத்துக் கிலோகிராம் ஒட்சிசனைக் கேட்கும் அளவு கழிவு, பத்தாயிரம் லீற்றர் தண்ணீரில் போனால் அளவீடு லீற்றருக்கு 1,000 மில்லிகிராம். அதே கழிவு ஐயாயிரம் லீற்றரில் போனால் 2,000. மண்ணுக்கும் நீருக்கும் போகும் சுமை இரண்டிலும் ஒன்றே, ஆனால் தாளில் இரண்டாவது தொழிற்சாலை இருமடங்கு மோசமாகத் தெரிகிறது. இதை அறியாமல் தண்ணீரைக் குறைத்துவிட்டு ஆய்வறிக்கையைப் பார்த்துத் திகைப்பவர்களும் உண்டு, அறிந்துகொண்டே கிணற்று நீரைக் கழிவில் கலந்து எண்ணை இறக்குபவர்களும் உண்டு. முன்னர் சொன்ன வழித்து அள்ளும் வேலைக்கு இங்கே இரண்டாவது பயன் தெரிகிறது: வழித்தெடுத்த சக்கை மாட்டுக்கோ எருவுக்கோ போனால் சுமையே குறைகிறது, வெறும் செறிவு மாற்றமாக அது நின்றுவிடுவதில்லை. சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்காகக் கழிவுநீரைப் பரிசோதிக்கும் ஒவ்வொரு தடவையும், லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணின் பக்கத்தில் அன்றைக்கு எத்தனை லீற்றர் வெளியேறியது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அதற்கு வெளியேறும் வாய்க்காலில் ஓர் அளவியும், உள்ளே வரும் குழாயில் ஒரு மானியும் வேண்டும். கிணற்றிலிருந்து எடுப்பதால் கட்டணச் சீட்டு வருவதில்லை என்ற காரணத்தால், நம் தொழிற்சாலைகள் பலவற்றில் அந்த இரண்டாவது மானிகூட இன்னும் பொருத்தப்படவில்லை.